மூன்று பிரதிகளில் சொட்டு மருந்து

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு பெரிய காரியமே இல்லை. அந்த நெருப்பைப் பற்றவைக்கும் முன் மூன்று பிரதிகளில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று கண்டுபிடித்ததுதான் பெரிய காரியம். முதல் காரியத்தைச் செய்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இரண்டாவதைத் தம் வாழ்நாள் தொண்டாக ஏற்றவர், தகர டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார்.

தொழிற்சாலையில் அவருக்கு ‘ஹெல்மெட் சார்’ என்று பெயர். வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள். அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். பெருந்தன்மை என்பது இதுதான்.

ஏணியில் ஏறுவதற்குச் சீட்டு என்பதை எல்லாத் தொழிற்சாலைகளும் செய்யும். ஏணியிலிருந்து இறங்குவதற்கும் தனிச் சீட்டு வேண்டும் என்ற சிந்தனை ஹெல்மெட் சாருக்கு மட்டுமே உதித்தது. ஒருமுறை மின்விளக்கு மாற்ற ஏறிய எலக்ட்ரீஷியன், இறங்கும் சீட்டு வந்து சேராததால் மதியச் சாப்பாடுவரை உச்சிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். மேலாளர் கோபித்தபோது ஹெல்மெட் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “விழுந்தாரா?”

இப்படிப்பட்டவர் நாற்பத்திரண்டாவது வயதில் தகப்பனானார்.

குழந்தை பெண். ஐந்து வாரம். பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்கும், பால் குடிக்கும், விரலைப் பிடித்துக்கொள்ளும். மாலை ஐந்தரை ஆனால் போதும், சங்கு ஊதியதுபோல் ஆரம்பிக்கும். முகம் சிவந்து, முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டி, முஷ்டி மடக்கி, எட்டு மணிவரை ஓயாத அழுகை. எட்டு மணிக்கு யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிடும். அதற்குள் வீட்டிலிருந்த மூன்று பெரியவர்களும் துவைத்துப் பிழிந்த துணியாகிவிடுவார்கள்.

மூன்று பேர் என்றால், ஹெல்மெட் சார், அவர் மனைவி, ஒத்தாசைக்கு வந்திருந்த ஹெல்மெட் சாரின் அக்கா. மனைவி ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது பிரசவ விடுப்பு. பத்து வருஷமாகக் கத்துகிறவர்களின் பேச்சைக் கேட்டே பழகியவர் என்பதால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “கத்தறவங்களை நிறுத்தப் பாக்கக் கூடாது. என்னன்னு கேக்கணும்” என்பார். ஹெல்மெட் சாருக்கு இது பழைய சித்தாந்தமாகப் பட்டது.

அவர் முதலில் தொழிற்சாலையிலிருந்து ஒலி அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். குழந்தையின் தலைமாட்டில் பிடித்தார். முள் தொண்ணூற்றிரண்டைத் தொட்டது.

“எண்பத்தஞ்சுக்கு மேல போனா அது ‘ஒலி அபாயப் பகுதி’” என்று அறிவித்து, படுக்கையறைக் கதவில் மஞ்சள் பலகை மாட்டினார். அக்காவுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு காதடைப்பான் வழங்கப்பட்டது. அன்று மாலை வாசல் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் திறந்து கிடந்ததும் கேட்கவில்லை. கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது, ‘வழுக்கும் தரை’ என்று இன்னொரு பலகை வைக்க வேண்டியதாயிற்று. பலகைகள் தயாராக இருந்தன என்பதைக் குறிப்பிட வேண்டும்.

பிறகு குழந்தையை டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர் எடை போட்டார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், கேள்விகள் கேட்டார்.

“பால் நல்லாக் குடிக்குதா? வாந்தி பச்சையா வருதா? மலத்துல ரத்தம்? இல்லையா? அப்ப கவலைப்படாதீங்க. இந்த வயசுல நிறையக் குழந்தைங்க இப்படித்தான் அழும். மூணு நாலு மாசத்துல தானா நின்னுடும். தூக்கி வச்சு நடங்க. பால் குடிச்சதும் ஏப்பம் விட வைங்க. ரொம்ப முடியலைன்னா, குழந்தையைப் பத்திரமா தொட்டில்ல படுக்க வச்சிட்டு வெளிய போய் அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுட்டு வாங்க. கடையில எந்த மருந்து வாங்கினாலும் முதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுங்க.”

“இதை எழுத்துல தர முடியுமா?” என்றார் ஹெல்மெட் சார்.

“எதை?”

“தானா நின்னுடும்கறதை. நிக்கற தேதி போட்டு.”

டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார்.

ஆவணமில்லாத அறிவுரை அறிவுரையாகாது. வீடு திரும்பிய உடனே சமையலறையில் ‘பாதுகாப்புக் குழு’வின் முதல் கூட்டம் கூடியது. தலைவர் ஹெல்மெட் சார். உறுப்பினர்கள் அக்காவும் மனைவியும். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடி கலந்துகொண்டார். மருந்து வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அதாவது தலைவர் சொன்னார், அக்கா தலையாட்டினார், மனைவி கொட்டாவி விட்டார். கொட்டாவி ‘ஆதரவு’ என்று பதிவானது.

மருந்துக்கடையில் ஒரு பெண் இருந்தார். நல்ல பொறுமைசாலி. “குழந்தைக்கு என்ன வயசு?” என்று கேட்டபிறகே அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு சிறிய பெட்டியை எடுத்து வைத்து விளக்க ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் ஹெல்மெட் சார். “இது பயிற்சி. பயிற்சின்னா போட்டோ வேணும். பாட்டிலைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க.”

அந்தப் பெண் தூக்கிப் பிடித்தபடியே சொன்னார்: “இது வாயுவுக்கான சொட்டு மருந்து. அளவு இதுல போட்டிருக்கு, அதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம்…”

“கொஞ்சம் சிரிங்க.”

“…இதுக்குள்ளயே டிராப்பர் இருக்கு, அதாலதான் அளக்கணும், வீட்டு ஸ்பூன் வேண்டாம்…”

“இன்னும் ஒண்ணு, பக்கவாட்டுல.”

“…முக்கியமா இதோட வேற எந்த வயித்துவலி மருந்தையும் சேர்க்காதீங்க. பழைய பாட்டில் எதுவும் வீட்ல இருந்தா கொட்டிடுங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை…”

“இங்க ஒரு கையெழுத்து.”

அவர் நீட்டிய தாளில் ‘மேற்படி நபருக்கு முழுமையான பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று இருந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். பயிற்சி அளிக்கப்பட்டதற்குச் சான்று இருந்தது, நான்கு போட்டோக்கள் இருந்தன. பயிற்சி பெறப்பட்டதா என்று கேட்கும் படிவம் உலகத்தில் இன்னும் அச்சாகவில்லை.

வீட்டில் அக்கா பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுக்காடா இவ்வளவு அலைச்சல்? என் பொண்ணுக்குக் கொடுத்த மருந்து என் பையிலேயே இருக்கு. கொடுத்தா பத்து நிமிஷத்துல கம்முனு ஆயிடுவா.”

அக்காவின் பயணப்பையின் அடியிலிருந்து ஒரு பழுப்பு பாட்டில் வெளியே வந்தது. அதன் டிராப்பர் எப்போதோ உடைந்துபோயிருந்தது. அக்கா கெட்டவரல்ல. ஐந்து வாரமாகத் தம் தூக்கத்தையெல்லாம் தம்பி குழந்தைக்குத் தாரை வார்த்தவர். அந்த அழுகையைக் கேட்கும்போது அவர் கண்ணிலும் நீர் நிற்கும்.

ஹெல்மெட் சார் இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடி இறுகியிருந்தது, கசிவில்லை, விரிசலில்லை. தம் பையிலிருந்து ‘பரிசோதிக்கப்பட்டது — பாதுகாப்பானது’ என்ற பச்சை ஸ்டிக்கரை எடுத்து இரண்டிலும் ஒட்டினார். அந்த ஸ்டிக்கர் தீயணைப்புக் கருவிக்காகச் செய்யப்பட்டது. தீயணைப்புக் கருவி பெரிது, பாட்டில் சிறிது. எனவே பாட்டிலைச் சுற்றி அச்சிட்டிருந்த எல்லா எழுத்தையும் அது அணைத்துக்கொண்டது. எந்த வயதுக்கு, எவ்வளவு, எந்தத் தேதிவரை என்ற அற்ப விவரங்கள் மறைந்து, இரண்டு பாட்டில்களும் ஒரே மாதிரி பச்சைப் பசேலென்று ‘பாதுகாப்பாக’ நின்றன.

பிறகு, ‘மருந்தளிப்புப் பணி அனுமதிச் சீட்டு’. கொதிகலன் பராமரிப்புக்கான படிவத்தை அவர் சிரமப்பட்டுத் தழுவி எழுதியிருந்தார். மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். தரை ஈரமா? அருகில் மின்கம்பி உண்டா? வெளியேறும் வழி திறந்திருக்கிறதா? ‘இயந்திரம் நிறுவப்பட்ட தேதி’ என்ற இடத்தில் குழந்தையின் பிறந்த தேதியை எழுதினார். ‘கொள்ளளவு’ என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று நேர்மையாக எழுதினார்.

மனைவி படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

“எவ்வளவு கொடுக்கணும்னு இதுல எங்கங்க இருக்கு?”

“இருபத்தெட்டாவது கேள்வி. ‘அளவு சரிபார்க்கப்பட்டதா?’”

“எவ்வளவுன்னு போட்டிருக்கு?”

“‘ஆம்’னு போட்டிருக்கு.”

மனைவி இன்னொரு கேள்வி கேட்க வாயைத் திறந்தார். குழந்தை அதற்கு முன் வாயைத் திறந்துவிட்டது. இரண்டு நாளாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்காதவர் அவர். ‘சாட்சி’ என்ற இடத்தில் ஒரு வாரத்துக்கான பதினான்கு கையெழுத்தையும் முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போனார். இனிமேல் நடக்கப்போவதற்கெல்லாம் சாட்சி தயார்.

சீட்டு மூன்று பிரதி. வெள்ளை ஹெல்மெட் சாரின் கோப்புக்கு. இளஞ்சிவப்பு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில். மஞ்சள், தேவைப்பட்டால் தேவைப்படுபவருக்கு.

மறுநாள் ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. மனைவி அப்போதுதான் பால் கொடுத்துவிட்டு, களைத்துப்போய்ப் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தார். ஹெல்மெட் சார் கையுறை மாட்டினார், கண்ணாடி மாட்டினார், கடையில் வாங்கிய மருந்தை டிராப்பரில் எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் பிரதியில் ‘அளிக்கப்பட்டது’ என்று எழுதினார். டிராப்பரைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, அந்த வெள்ளைத் தாளைக் கோப்பில் துளையிட்டுச் சேர்ப்பதற்காக மொட்டைமாடி அறைக்குப் போனார். கோப்பு வேலை அவசரப்படக் கூடாத வேலை.

அழுகை நிற்கவில்லை. அக்கா வந்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இளஞ்சிவப்புப் பிரதி வெறுமையாக இருந்தது. தம்பி இன்னும் கொடுக்கவில்லை என்று நினைத்தார். தம்முடைய பாட்டிலைத் திறந்தார். பச்சை ஸ்டிக்கர் ‘பாதுகாப்பானது’ என்று சொன்னது. மேசையிலிருந்த டிராப்பரை முழுக்க நிரப்பிக் கொடுத்தார். இளஞ்சிவப்புப் பிரதியில் ‘அளிக்கப்பட்டது’ என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்திட்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குழந்தை கம்மென்று ஆனது.

மாடியிலிருந்து இறங்கிவந்த ஹெல்மெட் சார் ஒலி அளக்கும் கருவியைப் பிடித்தார். முப்பத்தாறு. அது அந்த வீட்டின் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த அளவு. வெண்பலகையில் ‘அழுகையில்லா நாட்கள்: 1’ என்று எழுதினார். அக்காவும் அவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். குரல் கொடுக்காமல், பாதுகாப்பான ஒலி அளவில்.

மனைவி அந்தச் சத்தமின்மையில்தான் திடுக்கிட்டு விழித்தார்.

மணி ஆறரை. அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் அமைதியைக் கேட்டதில்லை. ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார். தலை தோளில் சாயவில்லை, தொங்கியது. மார்பில் வைத்தார். உதடு அசையவில்லை. பாதத்தைச் சுண்டினார். கண்கூடத் திறக்கவில்லை. மூக்கருகே கன்னத்தை வைத்தார். மூச்சு வந்தது, அடுத்த மூச்சு வர வெகுநேரம் ஆனது.

“என்ன கொடுத்தீங்க?”

“தூங்கறாம்மா, எழுப்பாத” என்றார் அக்கா.

“இது தூக்கமில்ல அண்ணி. என்ன கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க?”

“முறைப்படி ஒரு தடவை கொடுத்தாச்சு. சீட்டு இருக்கு” என்றார் ஹெல்மெட் சார்.

“நீயுமாடா கொடுத்தே?” என்றார் அக்கா.

மனைவி பழுப்பு பாட்டிலை எடுத்து, நகத்தால் பச்சை ஸ்டிக்கரைக் கிழித்தார். அது நல்ல தரமான பசை, சுலபத்தில் வரவில்லை. பல்லால் இழுத்தார். உள்ளே தடித்த எழுத்தில் இருந்தது: ‘ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.’ அதற்குக் கீழே, காலாவதித் தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

“எல்லாரும் முதல்ல வாசல்ல கூடுங்க, தலை எண்ணணும்…” என்று ஹெல்மெட் சாரின் வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தது. மனைவி அதற்குள் இரண்டு பாட்டிலையும் இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தையோடு பாதிப் படிக்கட்டு இறங்கியிருந்தார். ஹெல்மெட் சாரும் அக்காவும் பின்னால் ஓடினார்கள். ஏணிக்கே இறங்கும் சீட்டு கேட்டவர், மூன்று மாடியையும் எப்படி இறங்கினோம் என்று பின்னால் அவருக்கே நினைவில்லை. கையில் மட்டும் கோப்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான் பணியில் இருந்தார். குழந்தையை வாங்கிப் படுக்க வைத்து, மூக்கில் பிராணவாயுக் குழாயை வைத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன மருந்து? எவ்வளவு? எத்தனை மணிக்கு?”

மூன்றே கேள்விகள். ஹெல்மெட் சார் கோப்பைத் திறந்தார். நாற்பத்தாறு பக்கங்கள். தரை உலர்ந்திருந்தது. மின்கம்பி இல்லை. வெளியேறும் வழி திறந்திருந்தது. கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அந்த மூன்றுக்கும் அதில் பதில் இல்லை.

மனைவிதான் பாட்டில்களை எடுத்து வைத்து, வரும் வழியில் இருவரிடமும் கேட்டறிந்ததைச் சொன்னார். “ரெண்டும் கொடுத்திருக்காங்க. இது ஒரு வேளை. இது டிராப்பர் முழுக்க. அஞ்சரைலேருந்து அஞ்சேமுக்காலுக்குள்ள.”

“வாயு மருந்தால பயமில்ல. இந்தப் பழுப்பு பாட்டில்தான். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இது மூச்சையே அமுக்கிடும்” என்றார் டாக்டரம்மா. “உடனே அனுமதிக்கணும்.”

“அனுமதிச் சீட்டு இருக்கு!” என்றார் ஹெல்மெட் சார். கோப்பிலிருந்து வெள்ளைத் தாளை உருவி நீட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் அந்தத் தாளை மெதுவாக வாங்கி, அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

வராந்தாவில் அக்கா சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு அழுதார். “என் பொண்ணுக்கு அப்ப எட்டு மாசம்… எட்டு மாசம்டா… நான் அதை யோசிக்கவே இல்லையே.” ஹெல்மெட் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கோப்புகளில் எங்கும் காணப்படாத ஒரு காரியத்தை அப்போது செய்தார். “ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான்க்கா” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழந்தை கண்ணைத் திறந்தது. சுற்றிலும் பார்த்தது. யாரையும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. முகம் சிவக்க, முழங்காலை மடக்கி, வார்டே அதிர அழுதது. மனைவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். ஹெல்மெட் சார் அந்தச் சத்தத்தை அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று தோன்றாத முதல் சத்தம் அது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சில சீர்திருத்தங்கள் செய்தார். அவை ஹெல்மெட் சாரின் சாதனைகளோடு ஒப்பிடத் தக்கவையல்ல. பழைய பாட்டிலை மருந்துக்கடையில் கொடுத்து அழிக்கச் சொன்னார். கடையில் வாங்கிய பாட்டிலின் ஸ்டிக்கரை வெந்நீரில் ஊறவைத்து உரித்தார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, கொடுக்கலாமா, எவ்வளவு என்று கேட்டார். ‘கொடுக்கலாம், தேவைன்னா மட்டும்’ என்று பதில் வந்தது. ஒரே ஒரு தாளை ஒட்டினார். அதில் நான்கே கட்டங்கள்: என்ன, எவ்வளவு, எப்போது, யார். மூன்று பிரதியும் இல்லை, முத்திரையும் இல்லை; பார்க்கவே ஏழ்மையாக இருந்தது. மாலைகளில் அக்கா ஒரு சுற்று, மனைவி ஒரு சுற்று, ஹெல்மெட் சார் ஒரு சுற்று என்று குழந்தையைத் தோளில் போட்டு நடந்தார்கள். அழுகை இருந்தது. பெரும்பாலும் பாட்டில் மூடியபடியே இருந்தது.

ஆனால் ஒரு சம்பவம் நடந்தால் ஒரு விசாரணை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் சம்பவத்துக்கு என்ன மரியாதை? ஹெல்மெட் சார் ஒரு வாரம் உட்கார்ந்து அறிக்கை தயாரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் சாப்பாட்டு மேசையில் மனைவி முன் வைத்தார். குழந்தை மனைவியின் மடியில் விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஸ்டிக்கரைப் பற்றி எழுதியிருந்தார். முன்கூட்டிய கையெழுத்துகளைப் பற்றியும் எழுதியிருந்தார். எதையும் மறைக்கவில்லை. மனைவியின் முகம் கொஞ்சம் இளகியது. கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

“‘சம்பவத்தின் மூல காரணம்: பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவு.’” அவர் நிமிர்ந்து பார்த்தார். “பாதிக்கப்பட்டவர் யாருங்க?”

ஹெல்மெட் சார் மடியைப் பார்த்தார். மடியில் இருந்தவர் கொட்டாவி விட்டார்.

“அந்த வரி நான் எழுதினதில்ல” என்றார் அவசரமாக. “படிவத்துலேயே அச்சடிச்சு வரும். ஃபேக்டரி படிவம். பேரும் தேதியும் மட்டும்தான் நாம நிரப்பணும்.”

“காரணத்தை முன்னாடியே அச்சடிச்சு வச்சிருக்கீங்களா?”

“நேரம் மிச்சமாகும்னு…”

“இந்தப் படிவத்துல இதுவரைக்கும் எத்தனை பேர் பேரை நிரப்பியிருக்கீங்க?”

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு கை விரல்களும் போதவில்லை. விரல்களை எண்ணும்போது அவருக்குத் தொழிற்சாலை இயந்திரத்தில் போன வேறு யாருடைய விரல்களோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பாதியில் கையை மேசைக்கடியில் இறக்கிக்கொண்டார்.

“பதினேழு.”

“நம்ம பொண்ணுக்குப் பேசத் தெரியாது. அந்தப் பதினேழு பேருக்கும் வாய் இருந்திருக்குமே. ‘நான் கவனமாத்தான் இருந்தேன்’னு ஒருத்தர்கூடச் சொல்லலையா?”

ஹெல்மெட் சாரின் நேர்மையை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை.

“எல்லாருமே சொன்னாங்க” என்றார். “படிவத்துல அதுக்கு இடமில்ல.”